டர்ன்ஓவரின் மறுபாதி: என்எஃப்எல் பார்க்கத் தொடங்குபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

அமெரிக்க ஃபுட்பாலை, அதன் தொழில்முறை லீகான என்எஃப்எல்லை, புதிதாகப் பார்ப்பவர்கள் டச்டவுன்களைத்தான் கவனிப்பார்கள்; பந்தை எதிரணியின் முனைக்குள் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் டச்டவுன். ஸ்கோர் மாறுவது அங்கேதானே. ஆனால் ஒரு சீசன் முழுக்கப் பார்த்துவிட்டு, ஒவ்வோர் ஆட்டமும் எந்த இடத்தில் கைவிட்டுப் போனது என்று தேடிப் போனால், கண் பெரும்பாலும் வேறோர் இடத்தில் போய் நிற்கும். பந்து வைத்திருந்த அணி அதை எதிரணியிடம் பறிகொடுத்த இடம் அது. அதற்குப் பெயர் டர்ன்ஓவர்.

கிரிக்கெட் பார்த்துப் பழகியவர்கள் இதை ஒரு விக்கெட் விழுவதுபோல எடுத்துக்கொள்வார்கள். உண்மையில் அதைவிடப் பெரிய அடி இது. விக்கெட் போனால் அடுத்த ஆள் மட்டையோடு இறங்குவார். இங்கே ஒரே நொடியில் இன்னிங்ஸே முடிந்துபோகும். எதிரணி பந்தை எடுத்த இடத்திலிருந்தே தன் ஆட்டத்தைத் தொடங்கிவிடும்.

டிவியில் ‘டர்ன்ஓவர்களிலிருந்து கிடைத்த புள்ளிகள்’ என்று ஓர் எண்ணைக் காட்டுவார்கள். அது பொய்யான எண் இல்லை. ஆனால் அதில் பாதிக் கணக்குதான் இருக்கிறது. மறுபாதியையும் சேர்த்துப் பார்க்கப் பழகிவிட்டால் ஆட்டமே வேறு மாதிரி தெரியும். அந்தப் பழக்கத்துக்கான படிகள் இவை.

முதல் படி: மைதானத்தையும் புள்ளிகளையும் மனதில் வாங்குங்கள்

மைதானம் 100 யார்டு நீளம். இரு முனைகளிலும் 10 யார்டு ஆழத்துக்கு எண்டு சோன். கோடுகளின் எண்கள் நடுவில் 50 வரை ஏறி, மறுபடி இறங்கும். ‘சொந்த 25’ என்றால் தன் கோல் கோட்டிலிருந்து 25 யார்டு தள்ளி நிற்கிறார்கள், போக வேண்டியது இன்னும் 75 யார்டு என்று பொருள். ‘எதிரணியின் 25’ என்றால் இன்னும் 25 யார்டுதான் பாக்கி.

பந்து வைத்திருக்கும் அணிக்கு 10 யார்டு முன்னேற நான்கு வாய்ப்புகள். ஒவ்வொரு வாய்ப்பும் ஒரு டவுன். முன்னேறிவிட்டால் மறுபடி நான்கு. டச்டவுனுக்கு 6 புள்ளி, அதன் பின் கம்பங்களுக்கு நடுவே உதைத்தால் 1, அல்லது 2 யார்டு கோட்டிலிருந்து மறுபடி உள்ளே போனால் 2. டச்டவுன் இல்லாமலே பந்தைக் கம்பங்களுக்கு நடுவே உதைத்தால் ஃபீல்டு கோல், அதற்கு 3. பந்து வைத்திருப்பவரை அவருடைய சொந்த எண்டு சோனிலேயே மடக்கினால் தடுத்த அணிக்கு 2 புள்ளி; அது சேஃப்டி.

இதில் நினைவில் நிற்க வேண்டியது ஒன்றுதான்: பந்து எந்தக் கோட்டில் இருக்கிறது. மற்றதெல்லாம் பார்க்கப் பார்க்கத் தானாகப் பழகிவிடும்.

இரண்டாம் படி: எது டர்ன்ஓவர், எது இல்லை என்று பிரியுங்கள்

அதிகாரபூர்வக் கணக்கில் டர்ன்ஓவர் இரண்டே வகை. தாக்குதலை நடத்திப் பந்தை எறிபவர் குவார்ட்டர்பேக்; அவர் எறிந்த பந்து தரையில் படுமுன் எதிரணி வீரர் பிடித்தால் இன்டர்செப்ஷன். கையில் இருந்த பந்து நழுவி, அதை எதிரணி கைப்பற்றினால் ஃபம்பிள் இழப்பு. குவார்ட்டர்பேக் எறிவதற்குள் அவரை மறித்து, கையிலிருக்கும் பந்தைத் தட்டிவிடுவதை ஸ்ட்ரிப்-சாக் என்பார்கள். பன்ட்டை (முன்னேற முடியாத அணி பந்தை எதிரணிக்குத் தூரமாக உதைத்துக் கொடுப்பது) வாங்கப் போனவர் பிடிக்காமல் தவறவிட்டு எதிரணி எடுத்துக்கொண்டாலும் இதே கணக்குதான்.

முழங்கால் தரையில் பட்டு, எதிரணியின் கையும் மேலே பட்டுவிட்டால் அந்த பிளே, அதாவது அந்த டவுனின் ஆட்டம், அங்கேயே முடிந்தது. அதற்குப் பிறகு பந்து நழுவினால் ஃபம்பிள் இல்லை. எறியும் கை முன்னோக்கி நகரத் தொடங்கிய பிறகு பந்து விழுந்தால் அதுவும் ஃபம்பிள் இல்லை, பிடிபடாத பாஸ். இந்த இரண்டும் மயிரிழையில் தீர்மானமாகிற விஷயங்கள். அதனால்தான் 2012 முதல் களத்தில் டர்ன்ஓவர் என்று தீர்ப்பான ஒவ்வொரு பிளேயையும் ரீப்ளேயில் தானாகவே சரிபார்க்கிறார்கள். தீர்ப்பு உறுதியாகும்வரை உங்கள் கணக்கையும் நிறுத்தி வையுங்கள்.

அப்புறம் ஒன்று. நான்காவது டவுனிலும் 10 யார்டை எட்டாமல் பந்தை விட்டுக்கொடுப்பதும் உண்டு. பேச்சில் அதை ‘டர்ன்ஓவர் ஆன் டவுன்ஸ்’ என்பார்கள், ஆனால் டர்ன்ஓவர் புள்ளிவிவரத்தில் அது சேராது. தவறிய ஃபீல்டு கோலும் சேராது. ஸ்கோர் மீதான விளைவு கிட்டத்தட்ட ஒன்றுதான் என்பதால், உங்கள் சொந்தக் கணக்கில் இரண்டையும் ஓரமாகக் குறித்து வைப்பது நல்லது.

மூன்றாம் படி: ஒவ்வொரு கோட்டுக்கும் ஒரு விலை உண்டு

இந்தப் படியில் கொஞ்சம் நிதானமாக நில்லுங்கள்.

விர்ஜில் கார்ட்டர் சின்சினாட்டி பெங்கால்ஸ் அணியின் குவார்ட்டர்பேக். களத்தில் ஆடிக்கொண்டே படிப்பையும் விடாதவர். 1971இல் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ராபர்ட் மாக்கோலுடன் சேர்ந்து ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். அவர்கள் கேட்ட கேள்வி எளிமையானது: ஓர் அணிக்கு இந்தக் கோட்டில் முதல் டவுன் கிடைத்தால், அடுத்து வரப்போகிற ஸ்கோர் சராசரியாக யாருக்கு, எத்தனை புள்ளி? 1969 சீசன் ஆட்டங்களின் பதிவுகளை எடுத்து, ஒவ்வொரு கோட்டுக்கும் விடை கண்டார்கள்.

விடை இப்படி வந்தது. சொந்த 25இல் நிற்கும் அணிக்கு அந்த இடம் கால் புள்ளிதான் பெறும். எதிரணியின் 45இல் சுமார் 2.4. எதிரணியின் 25இல் 3.7. எதிரணியின் 5இல் 6. மறுபக்கம் பாருங்கள்: சொந்த 15இல் விலை பூஜ்யத்துக்கும் கீழே, மைனஸ் 0.6. சொந்த 5இல் மைனஸ் 1.2. பந்து உங்கள் கையில்தான் இருக்கிறது, ஆனாலும் அடுத்த ஸ்கோர் எதிரணியுடையதாக இருக்கவே வாய்ப்பு அதிகம். முதல் தடவை கேட்கும்போது நம்ப முடியாது. சொந்த எண்டு சோனை ஒட்டி நின்று மூன்று டவுன் வீணாகி, பன்ட் அடித்து, எதிரணி நல்ல இடத்தில் பந்தை வாங்குவதை நாலைந்து தடவை பார்த்தால் நம்பிக்கை வந்துவிடும்.

அரை நூற்றாண்டில் ஆட்டம் மாறிவிட்டது. பாஸ்கள் கூடின, உதைப்பவர்கள் வெகு தூரத்திலிருந்தே ஃபீல்டு கோல் அடிக்கிறார்கள், எண்களும் அதற்கேற்ப நகர்ந்திருக்கின்றன. ஏற்றத்தின் சாய்வு மட்டும் பெரிதாக மாறவில்லை. கணக்குக் கற்றுக்கொள்ள கார்ட்டரின் எண்களே போதும்.

நான்காம் படி: இழந்ததையும் கொடுத்ததையும் கூட்டுங்கள்

இப்போது ஒரு டர்ன்ஓவரை எடுத்துக்கொள்வோம். முதல் டவுன், சொந்த 25. பந்து நழுவிவிட்டது, எதிரணி அதே இடத்தில் எடுத்துக்கொண்டது. உங்கள் கையில் இருந்தது கால் புள்ளி மதிப்புள்ள இடம், அது போனது. எதிரணிக்கு உங்கள் கோல் கோட்டுக்கு 25 யார்டில் பந்து, 3.7 புள்ளி மதிப்புள்ள இடம். கூட்டினால் ஏறக்குறைய 4.

இதையே தலைகீழாகப் போடுங்கள். எதிரணியின் 25 வரை முன்னேறிவிட்டீர்கள், அங்கே பந்து போகிறது. நீங்கள் இழந்தது 3.7. எதிரணிக்குத் தன் 25இல் பந்து, கால் புள்ளி. கூட்டினால் அதே 4.

நடு மைதானத்தில்? இருவருக்கும் ஏறக்குறைய இரண்டிரண்டு. மறுபடி 4.

எங்கே பறிகொடுத்தாலும் விலை கிட்டத்தட்ட ஒன்றுதான். கோல் கோட்டுக்கு மிக அருகே மட்டும் கொஞ்சம் கூடும். பயிற்சியாளர்கள் டர்ன்ஓவர் என்ற சொல்லைக் கேட்டாலே பதறுவதற்குக் காரணம் இதுதான். ஒரு ஃபீல்டு கோலைவிடப் பெரிய தொகை ஒரே பிளேயில் கைமாறுகிறது.

ஆனால் தொகை ஒன்றாக இருந்தாலும் அது கண்ணுக்குத் தெரியும் விதம் வேறு. சொந்தப் பகுதியில் இழந்தால் அது எதிரணியின் ஸ்கோராக வந்து நிற்கும். எல்லோருக்கும் தெரியும். எதிரணியின் கோல் கோட்டுக்கு அருகில் இழந்தால் அது உங்கள் ஸ்கோரில் வராமல் போன புள்ளியாக இருக்கும். வராததைப் பலகையில் எழுத முடியாது. டிவி காட்டும் எண் முதல் வகையை மட்டும் எண்ணுகிறது. இரண்டாம் வகை அதன் கண்ணில் படுவதே இல்லை.

ஐந்தாம் படி: பலகையில் வராத பாதியைப் பிடியுங்கள்

இதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் கிடையாது. 2015 பிப்ரவரி 1, அரிசோனாவின் கிளெண்டேல், 49ஆவது சூப்பர் பவுல், அதாவது என்எஃப்எல் சீசனின் இறுதிப் போட்டி. நியூ இங்கிலாந்து பேட்ரியாட்ஸ் 28, சியாட்டில் சீஹாக்ஸ் 24. ஆட்டம் முடிய அரை நிமிடம்கூட இல்லை. சியாட்டில் ஒரு யார்டு கோட்டில், இரண்டாவது டவுன். மார்ஷான் லிஞ்ச் போன்ற பலசாலி ஓட்டக்காரர் பின்னால் நிற்கிறார். ரஸ்ஸல் வில்சன் பாஸ் எறிந்தார். மால்கம் பட்லர் குறுக்கே பாய்ந்து பிடித்தார். ஆட்டம் அங்கேயே முடிந்தது.

அந்த இன்டர்செப்ஷனிலிருந்து பேட்ரியாட்ஸ் எடுத்த புள்ளி எத்தனை? பூஜ்யம். ஸ்கோர் 28-24 என்றேதான் நின்றது. டர்ன்ஓவர் புள்ளிகள் பட்டியலில் அந்தப் பந்துக்கு இடமே இல்லை, ஆனால் கோப்பை அதில்தான் போனது.

இதற்கு நேர் எதிர் வகையை 2025 பிப்ரவரி சூப்பர் பவுலில் பார்த்தோம். கான்சஸ் சிட்டி சீஃப்ஸின் பேட்ரிக் மஹோம்ஸ் தன் கோல் கோட்டுக்கு அருகில் நின்று எறிந்த பந்தை ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸின் ஸாக் பான் பிடித்தார். ஈகிள்ஸுக்கு 14 யார்டு கோட்டில் பந்து. கொஞ்ச நேரத்தில் ஜேலன் ஹர்ட்ஸிடமிருந்து ஏ.ஜே. பிரவுனுக்கு டச்டவுன், இடைவேளையில் 24-0. இதைக் குழந்தைகூடக் கணக்கிட்டுவிடும்.

ஆக, ஒவ்வொரு டர்ன்ஓவருக்கும் இரண்டு கேள்வி கேளுங்கள். பறிகொடுக்காமல் இருந்திருந்தால் இந்த அணி என்ன எடுத்திருக்கும்? எடுத்த அணி எந்தக் கோட்டிலிருந்து தொடங்குகிறது? முதல் கேள்வியைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள்.

ஆறாம் படி: பிடித்த கையோடு ஓடிவிட்டால்

பந்தைப் பிடித்த தற்காப்பு வீரர் விழாமல் ஓடலாம். நேரே எண்டு சோன்வரை ஓடிவிட்டால் டச்டவுன். இன்டர்செப்ஷனில் அப்படி நடந்தால் பிக்-சிக்ஸ். ஓடும் ஒவ்வொரு யார்டும் அந்த 4 புள்ளியின் மேல் ஏறும் கூடுதல் விலை.

2014 பிப்ரவரி சூப்பர் பவுலில் டென்வர் பிராங்கோஸ் இறங்கியபோது, அந்த சீசனில் 606 புள்ளி குவித்த அணி அது. ஒரு சீசனில் அத்தனை புள்ளியை எந்த அணியும் அதற்கு முன் எடுத்ததில்லை. சியாட்டில் அவர்களிடமிருந்து நான்கு முறை பந்தைப் பறித்தது. மால்கம் ஸ்மித் ஓர் இன்டர்செப்ஷனை 69 யார்டு ஓடி டச்டவுனாக்கினார். ஸ்கோர் 43-8. தற்காப்பில் ஆடிய ஸ்மித்துக்கே சிறந்த வீரர் விருது.

2023 பிப்ரவரி சூப்பர் பவுலில் நடந்தது இன்னும் வலிக்கும் வகை. ஈகிள்ஸின் ஜேலன் ஹர்ட்ஸ் அன்று அற்புதமாக ஆடினார், தானே மூன்று டச்டவுன் ஓடினார். ஆனால் இரண்டாம் கால் பகுதியில் யாரும் தொடாமலே பந்து அவர் கையிலிருந்து நழுவியது. சீஃப்ஸின் நிக் போல்ட்டன் எடுத்து 36 யார்டு ஓடி 14-14 ஆக்கினார். அந்த ஆட்டத்தில் இரு அணிகளுக்கும் சேர்த்து நடந்த டர்ன்ஓவர் அது ஒன்றுதான். முடிவு 38-35, சீஃப்ஸுக்கு. மூன்று புள்ளி வித்தியாசம்.

பிக்-சிக்ஸில் ஒரு சின்ன நுணுக்கம். டச்டவுன் அடித்த அணி அடுத்து பந்தை உதைத்துக் கொடுக்க வேண்டும். எனவே பறிகொடுத்த அணிக்கே மறுபடி பந்து வரும். ஏழு புள்ளி போனாலும் வாய்ப்பு திரும்பக் கிடைக்கிறது. அதனால் நிகர இழப்பு பார்வைக்குத் தோன்றுவதைவிடக் கொஞ்சம் குறைவு.

டச்டவுனுக்குப் பிந்தைய இரண்டு புள்ளி முயற்சியிலும் பந்தைப் பறிக்கலாம். 2015 முதல், அப்படிப் பறித்து மறுமுனைவரை ஓடினால் தற்காப்பு அணிக்கு 2 புள்ளி. 2016 டிசம்பர் 4, அட்லாண்டா. ஃபால்கன்ஸ் டச்டவுன் அடித்து 28-27 என்று முன்னேறி, வித்தியாசத்தை மூன்றாக்க இரண்டு புள்ளிக்கு முயன்றார்கள். சீஃப்ஸின் எரிக் பெர்ரி அந்தப் பாஸைப் பிடித்து மைதானம் முழுக்க ஓடினார். 29-28, சீஃப்ஸ் வெற்றி. புற்றுநோயிலிருந்து மீண்டு வந்த மனிதர், தன் சொந்த ஊர்ப் பக்கத்தில் ஓடிய ஓட்டம் அது. அதே ஆட்டத்தில் ஒரு பிக்-சிக்ஸும் அவருடையது. இந்த விதியை யாருக்கு விளக்கினாலும் நான் இந்த ஆட்டத்தைத்தான் சொல்வேன்.

ஏழாம் படி: டவுனையும் கடிகாரத்தையும் பாருங்கள்

மேலே சொன்ன 4 புள்ளி முதல் டவுனுக்கான கணக்கு. மூன்றாவது டவுனில் 15 யார்டு தேவைப்படும்போது, அந்த இடத்தின் மதிப்பு ஏற்கெனவே குறைந்திருக்கும். எப்படியும் அடுத்து பன்ட்தான். அப்போது 40 யார்டு தள்ளி எறிந்த பந்து பிடிபட்டு, பிடித்தவர் அங்கேயே மடக்கப்பட்டால், நடந்தது ஏறக்குறைய ஒரு பன்ட்டுக்குச் சமம். புள்ளிவிவரத்தில் குவார்ட்டர்பேக்கின் பெயருக்கு நேரே ஓர் இன்டர்செப்ஷன் ஏறும். ஸ்கோருக்குப் பெரிய சேதம் இல்லை. அரைப்பகுதியின் கடைசி நொடியில் எண்டு சோனை நோக்கி வீசும் பந்தும் இப்படியே. அதைப் பிடித்துவிட்டார்கள் என்று வருந்த ஒன்றுமில்லை.

நான்காவது டவுனில் இன்னும் விசித்திரம். எதிரணி உங்கள் 40இல் நின்று நான்காவது டவுனில் எறிகிறது. உங்கள் வீரர் அதைத் தன் 5 யார்டு கோட்டில் பிடித்து அங்கேயே விழுகிறார். கூட்டம் ஆர்ப்பரிக்கும். ஆனால் அவர் பந்தைத் தரையில் தட்டிவிட்டிருந்தால் 40இல் பந்து கிடைத்திருக்கும். பிடித்ததால் 35 யார்டு நஷ்டம்.

முன்னிலையில் இருக்கும் அணிக்கு ஆட்டத்தின் கடைசியில் டர்ன்ஓவர் விலை எகிறிவிடும். 1978 நவம்பர் 19 அன்று நியூயார்க் ஜயன்ட்ஸ் 17-12 என்று ஈகிள்ஸை முந்தியிருந்தது. ஆட்டம் முடிய அரை நிமிடம் அளவுதான். குவார்ட்டர்பேக் பந்தோடு முழங்காலிட்டு, பிளேயை அங்கேயே முடித்து, நேரத்தைக் கழித்திருக்கலாம். அதற்குப் பதில் பந்தை ஓட்டக்காரரிடம் கொடுக்கப் போய் நழுவவிட்டார்கள். ஹெர்ம் எட்வர்ட்ஸ் எடுத்து 26 யார்டு ஓடினார். 19-17. இன்று முன்னிலையில் இருக்கும் அணிகள் கடைசி நிமிடத்தில் குவார்ட்டர்பேக்குக்குப் பின்னால் ஆள் நிறுத்தி முழங்காலிடுவது அந்தத் தோல்விக்குப் பிறகு நிலைத்த வழக்கம்.

2017 பிப்ரவரி சூப்பர் பவுலில் ஃபால்கன்ஸ் 28-3 என்று முன்னணியில் இருந்தது எல்லோருக்கும் நினைவிருக்கும். அது கரைந்த கதையில் ஓர் இடம் முக்கியம். நான்காம் கால் பகுதி, 28-12, எட்டரை நிமிடம் பாக்கி. ஃபால்கன்ஸ் தன் பகுதியில் நின்று பாஸுக்குப் போனபோது, பேட்ரியாட்ஸின் டோன்டா ஹைடவர் மேட் ரயனின் கையிலிருந்து பந்தைத் தட்டிவிட்டார். பேட்ரியாட்ஸுக்கு 25 யார்டு கோட்டில் பந்து. டச்டவுன், இரண்டு புள்ளி, 28-20. கடைசியில் கூடுதல் நேரத்தில் 34-28 என்று பேட்ரியாட்ஸ் வென்றது.

எட்டாம் படி: சீசன் கணக்கைப் படிக்கும்போது

பறித்தவற்றிலிருந்து பறிகொடுத்தவற்றைக் கழித்தால் டர்ன்ஓவர் வித்தியாசம். 1983இல் வாஷிங்டன் அணி 61 பறித்து 18 மட்டுமே இழந்தது, பிளஸ் 43. அந்த சீசனில் அவர்கள் எடுத்த 541 புள்ளி அன்றைய சாதனை. நல்ல இடங்களில் தொடங்கும் வாய்ப்பு அத்தனை முறை கிடைத்தால் ஸ்கோர் ஏறத்தானே செய்யும்.

தங்கள் ஆட்டக்காரர்களே பறிகொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு டாம்பா பே பக்கனீர்ஸ். 2019இல் ஜேமிஸ் வின்ஸ்டன் 33 டச்டவுன் பாஸ், 30 இன்டர்செப்ஷன் எறிந்தார். அணி 458 புள்ளி எடுத்தது, 449 கொடுத்தது, 7 வெற்றி 9 தோல்வி. 2020இல் டாம் பிரேடி வந்தார், 12 இன்டர்செப்ஷன். எடுத்தது 492, கொடுத்தது 355. எடுத்தது 34தான் கூடியது; கொடுத்தது 94 குறைந்தது. தற்காப்பு வீரர்களும் அந்த வருடம் முன்னேறினார்கள், எல்லாப் பெருமையும் குவார்ட்டர்பேக்குக்கு இல்லை. ஆனாலும் குவார்ட்டர்பேக்கின் கவனம் எதிரணியின் ஸ்கோரைக் குறைக்கும் என்பதை இதைவிட நன்றாகக் காட்டும் எண்கள் எனக்குத் தெரியாது. அந்த சீசன் சூப்பர் பவுலும் அவர்களுக்கே.

ஃபம்பிளில் மட்டும் எச்சரிக்கை தேவை. பந்தைத் தட்டிவிடுவது திறமை. முட்டை வடிவப் பந்து தரையில் பட்ட பிறகு எந்தப் பக்கம் துள்ளும் என்பது பெரும்பாலும் அதிர்ஷ்டம். ஒரு சீசனில் விழுந்த பந்தெல்லாம் தங்களுக்கே கிடைத்த அணி, அடுத்த சீசனிலும் அப்படியே இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

ஒன்பதாம் படி: ஒரு பழைய ஆட்டத்தில் பயிற்சி

ஒரு தாளை எடுத்து இரண்டு பத்தி பிரியுங்கள்: இழந்தது, கொடுத்தது. 1993 ஜனவரி 31, பசடேனாவில் நடந்த 27ஆவது சூப்பர் பவுலைப் பாருங்கள். டல்லாஸ் கவ்பாய்ஸ் 52, பஃபலோ பில்ஸ் 17. பஃபலோ ஒன்பது முறை பந்தைப் பறிகொடுத்தது. டல்லாஸின் 35 புள்ளி அவற்றிலிருந்து வந்தது. ‘கொடுத்தது’ பத்தி மளமளவென்று நிரம்பும்.

‘இழந்தது’ பத்திக்கும் வேலை இருக்கிறது. இரண்டாம் கால் பகுதியில், இன்னும் 14-7 என்று இருந்தபோது, பஃபலோ டல்லாஸின் கோல் கோடுவரை வந்துவிட்டது. அங்கே ஜிம் கெல்லி எறிந்த பந்தை தாமஸ் எவரெட் பிடித்தார். 35 புள்ளிக் கணக்கில் அது தெரியாது. சமன் ஆகியிருக்க வேண்டிய ஆட்டம் அது என்பதை உங்கள் தாள் மட்டும் சொல்லும்.

கடைசிக் கால் பகுதியில் லியான் லெட் பஃபலோவின் ஃபம்பிளை எடுத்து, தடுக்க ஆளில்லாமல் 60 யார்டுக்கு மேல் ஓடினார். எண்டு சோனுக்கு ஒரு யார்டு முன்னால் கையை விரித்து வேகத்தைக் குறைத்தார். பஃபலோவின் டான் பீபி பின்னாலேயே துரத்தி வந்து பந்தைத் தட்டிவிட்டார். 35 புள்ளி பின்தங்கியிருந்தும் அந்த மனிதர் ஓட்டத்தை விடவில்லை. பந்து எண்டு சோன் வழியாக வெளியே போனது. அப்படிப் போனால் அது தற்காப்பு அணிக்குச் சொந்தம், 20 யார்டு கோட்டிலிருந்து. பஃபலோவுக்கே மறுபடி பந்து. டல்லாஸின் ‘இழந்தது’ பத்தியில் ஏழு என்று எழுதிக்கொள்ளுங்கள்.